ஏழு பத்துக்கு எடுத்த படம்

படம் தரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை டீச்சர். முதலில் உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்க. கிரீஸ் இருக்கும், பேப்பரைப் போட்டுக்கொள்ளுங்க. பழைய மோட்டார் வாங்கி விற்கிற கடையில் கிரீஸ் இல்லாத இடம் வேண்டுமென்றால் தெருவில்தான் உட்காரணும்.

வெள்ளிக்கிழமை தாழம்பேரியில் துணிகட்டு. அன்றைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் பறவைப் படமாக மாட்டப் போறீங்க. நடுவில் என் குருகு படம் பெரிதாக வேணும். அவ்வளவுதானே? தருகிறேன். காசு வேண்டாம். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? கொம்பையா காசு வேண்டாமென்று சொன்னான் என்று எதிர்த்த கடையில் போய்ச் சொல்லிப் பாருங்க, உங்களுக்குக் காய்ச்சலா என்று கேட்பார்கள்.

ஆனால் ஒரு பேச்சு உண்டு. ஒரு படமாகத் தரமாட்டேன். இரண்டு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டணும். ஒன்று போதுமென்றால் ஒன்றும் கிடையாது.

இதோ, இதுதான் நீங்கள் கேட்டது. டவுன் கண்காட்சியில் பரிசு வாங்கினது. இது இரண்டாவது. என்ன தெரியுது? நல்லாப் பாருங்க. ஒரே பச்சை. ஒன்றும் தெரியவில்லை, இல்லையா? சரியாகச் சொன்னீங்க. ஒன்றும் தெரியாது.

இதை எதற்கு மாட்டணும் என்று கேட்கிறீங்க. டீ சொல்லியிருக்கிறேன், வரட்டும். நீங்கள் போன மாதம்தான் மாற்றலாகி வந்தீங்க, உங்களுக்குத் தாழம்பேரிக் கதை தெரியாது. தெரியாத ஆளிடம்தான் எனக்கும் வாய் வரும்போல.

எனக்குக் கோபம் வரும் டீச்சர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில் லாரியில் கிளீனராக ஏறினேன். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று டிரைவர் வாயால் சொன்னதே கிடையாது. தப்பானதை எடுத்துக் கொடுத்தால் அதாலேயே முட்டியில் ஒன்று விழும். அப்படிப் படித்த படிப்பு. அதனால் எனக்குப் பேச்சை விடக் கை முந்தும், கையை விடச் சத்தம் முந்தும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரஷர் ஏறி மூக்கில் ரத்தம் வந்தது. டாக்டர் சொன்னார், "மாத்திரை பாதி வேலைதான் பார்க்கும். மீதிக்கு நீங்க காலையில தண்ணி இருக்கிற இடமாப் பார்த்து நடங்க. யார்கூடவும் பேசாம நடங்க."

அப்படித்தான் தாழம்பேரிக் குளத்துக்குப் போனேன். ஐப்பசி மாதம், குளம் பெருகிக் கிடந்தது. கரையில் ஒரு பட்ட மரத்தில் நீர்க்காகம் ஒன்று இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு, சட்டையைக் காயப்போட்டவன் மாதிரி நின்றது. அரைமணி நேரம் அதையே பார்த்தேன். அரைமணி நேரம் நான் யாரையும் திட்டவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அடுத்த வாரம் கேமரா வாங்கினேன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற ஒருத்தர் தொழிலை விட்டுவிட்டுத் துபாய் போகிறார் என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் அவர் வீட்டு வாசலில் பேசி முடித்தேன். நீள லென்ஸ், முக்காலி, பை, எல்லாம் சேர்த்து. பேச்சு முடிந்து எழுந்தபோது மழைக்குப் போர்த்துகிற உறையையும் கேட்டு வாங்கினேன். அந்தாள் கதவைச் சாத்தும்போது, "நீங்க விட்டா என் பாஸ்போர்ட்டையும் கேப்பீங்க" என்றார்.

கேமரா வந்தால் க்ரூப் வருமில்லையா? டவுனில் பறவைப் படம் எடுப்பவர்கள் இருபது பேர் ஒரு வாட்ஸ்அப் க்ரூப் வைத்திருக்கிறார்கள். பேங்க் மேனேஜர், காலேஜ் வாத்தியார், எல்லாம் படித்தவர்கள். அதில் பல் டாக்டர் ஜெபசிங் என்று ஒருத்தர். நல்ல மனுஷன்தான். படம் எடுத்தால் இறகு இறகாக எண்ணலாம். நான் முதல் படம் போட்டேன். ஒரு சம்புக்கோழி, சம்புக்குள்ளே. சம்பு தெரியுமில்லையா, தண்ணீருக்குள் ஆளுயரத்துக்கு நீட்ட நீட்டமாக நிற்குமே, அந்தப் புல். ஜெபசிங் கீழே எழுதினார்: "அருமை. பறவை எங்கே?"

இருபது பேரும் சிரித்த பொம்மை போட்டார்கள்.

நான் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு, "டாக்டரே, உம்ம பல்லை நீரே எண்ணும்படியா ஆக்கிருவேன்" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். அதற்கப்புறம் நான் எந்தப் படம் போட்டாலும் யாராவது ஒருத்தர் "பறவை எங்கே?" என்று போடுவார்கள். விளையாட்டுக்குத்தான். எனக்கு அது விளையாட்டாக இறங்கவில்லை. ஒன்றரை வருஷம் நெஞ்சில் முள்ளாக நின்றது.

குளத்தில் எனக்கு ஆவுடைதான் எல்லாம். மடைப்பக்கம் டீக்கடை வைத்திருக்கிற ஆவுடையம்மாளை நீங்கள் பார்த்திருப்பீங்க. அவளிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். பால் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும், பால் கணக்கு இல்லை. எந்தத் தேதியில் எந்தப் பறவை வந்தது, எத்தனை, எங்கே கூடு, எத்தனை குஞ்சு பறந்தது, பதினாலு வருஷமாக எழுதுகிறாள். வருஷா வருஷம் பறவை எண்ண வருகிற காலேஜ்காரர்கள் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள். காட்டுவாள். ஆனால் கூடு எழுதின பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிட்டுக் காட்டுவாள்.

முதல் இரண்டு மாதம் அவள் எனக்கு டீயைத் தவிர ஒன்றும் தரவில்லை. மார்கழியில் வரித்தலை வாத்து நூறு, நூற்றைம்பது வந்து இறங்கியிருந்தது. க்ரூப்பிலிருந்து நாலைந்து பேர் வந்தோம். கூட்டம் எழும்பினால் நல்ல படம் என்று ஒருத்தன் கல்லை எடுத்தான். எறிந்தும் விட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்துக் கரையில் தள்ளிவிட்டேன். "இன்னொரு கல்லு எடுத்தே, அதை உன்னையே முழுங்க வைப்பேன்" என்றேன். ஆவுடை கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டீயோடு நோட்டும் வந்தது.

"அண்ணாச்சிக்குக் கோவம் வந்தாலும் நல்ல எடத்துல வருது" என்றாள்.

அந்த வார்த்தையை நான் எவ்வளவு பெரிதாகச் சுமந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது டீச்சர். அதுவரைக்கும் என் கோபத்தை ஒருத்தரும் நல்லதென்று சொன்னதில்லை. என் வீட்டுக்காரி உட்பட.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவளோடு குளத்தைப் பார்த்தேன். தையில் மஞ்சள் மூக்கு நாரை கருவேலமரம் நிறைய வந்து உட்காரும். பங்குனியில் வாத்தெல்லாம் ஒரே ராத்திரியில் காலி செய்துவிட்டுப் போய்விடும். சித்திரையில் குளம் வெடித்துக் கிடக்கும், மடைக்கு முன்னால் பள்ளத்தில் மட்டும் தண்ணீர், அதில் சம்பு. ஆனியில் கார் நெல் சாகுபடிக்கு ஆற்றில் தண்ணீர் விட்டதும் குளம் மறுபடி ஏறும், சம்பு இருந்தாற்போல இருந்து பச்சையாக எழும்பும். அப்போது உள்ளூர்ப் பறவையெல்லாம் கூடு கட்டும்.

அதற்குத்தான் துணிகட்டு. ஆடி முதல் வெள்ளி மடைக்கல்லில் மஞ்சள் துணி கட்டினால், புரட்டாசி கடைசியில் அவிழ்க்கிறவரைக்கும் ஒருத்தரும் அரிவாளோடு குளத்தில் இறங்கக் கூடாது. ஊரில் ஆறு வீட்டுக்குச் சம்பு அறுக்கிறதுதான் பிழைப்பு. வெற்றிலைக் கொடிக்காலில் கொடியைக் கட்ட அந்தச் சம்பைத்தான் வாங்குவார்கள். அந்த ஆறு வீட்டுக்காரர்களும் அன்றைக்கு அரிவாளைக் கொண்டுவந்து ஆவுடை கடை உத்தரத்தில் வரிசையாக மாட்டிவிட்டுப் போவார்கள். பூட்டு கிடையாது. யாரும் தொட மாட்டார்கள், அதனால் பூட்டு கிடையாது.

போன வருஷம் ஆவணி. ஒருநாள் ஆவுடை என்னை மட்டும் கூட்டிக்கொண்டுபோய் மடைக்குத் தெற்கே நிற்க வைத்து, "அந்தா, ரெண்டு சம்பு கூடி நிக்குதுல்லா, அதுக்குக் கீழ பாருங்க" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. மஞ்சள் குருகு. மடையான் கொக்கைவிடச் சின்னது. மனுஷர் கண்ணிலேயே படாத சாதி. அதற்கு ஒரு குணம் உண்டு. பயந்தால் ஓடாது. கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, அசையாமல் நிற்கும். காற்றில் சம்பு ஆடினால் அதுவும் கூட ஆடும். நாமும் சம்பு என்று நினைத்துவிட்டுப் போய்விடுவோம். கீழே கூட்டில் நாலு குஞ்சு.

"பதினாலு வருசத்துல இது மூணாவது கூடு அண்ணாச்சி. பல் டாக்டரு ஆளுங்களுக்குத் தெரியாண்டாம். இங்கன இருந்தே பாருங்க. கிட்டப் போவாண்டாம். என்ன?"

"நான் போவேனா? என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?" என்றேன்.

தெரியும் என்று நினைத்துத்தான் காட்டினாள்.

மூன்று நாள் அங்கேயிருந்தே எடுத்தேன். மூன்று நாளும் இந்த மாதிரிதான் விழுந்தது. பச்சை, பச்சைக்குள் ஒரு மஞ்சள் கறை. கண்காட்சிக்குப் படம் கொடுக்க இரண்டு நாள்தான் பாக்கி. எனக்குக் காதில் ஒரே சத்தம்தான். பறவை எங்கே, பறவை எங்கே.

நாலாம் நாள் காலை. உங்கள் கையில் இருக்கிற அந்த ஒன்றும் தெரியாத படம் ஏழு பத்துக்கு எடுத்தது. மூலையில் நேரம் விழுந்திருக்கிறது பாருங்க. எடுத்துவிட்டு நினைத்தேன், முன்னால் நிற்கிற ஒரு பன்னிரண்டு சம்புதான் மறைக்கிறது. ஒரு குளத்துச் சம்பில் பன்னிரண்டு. ஒரு சரக்கில் இவ்வளவு சேதாரம் சாதாரணமாக எல்லா வியாபாரத்திலும் விடுவதுதான். அப்படித்தான் என் புத்தி போனது. எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

டீக்கடைக்கு வந்தேன். ஆவுடை பால் சொசைட்டிக்குப் போயிருந்தாள். உத்தரத்தில் ஆறு அரிவாள். கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். யாருடையது என்று எனக்குத் தெரியாது. எல்லா அரிவாளும் எனக்கு ஒன்றுதான். பிடியில் செம்புக் கம்பி சுற்றியிருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

தொடையளவு தண்ணீரில் இறங்கினேன். பன்னிரண்டு அறுத்தேன். அறுத்ததும் பின்னால் நிற்பது மறைத்தது. அதையும் அறுத்தேன். அப்புறம் பக்கத்தில் சாய்ந்து வந்தது. எத்தனை அறுத்தேன் என்று எண்ணவில்லை. தாய் குருகு சம்புக்குள் நழுவிப் போனது. நான் கரையேறி முக்காலியை நிறுத்தினேன். கால்மணி நேரத்தில் அது திரும்பி வந்தது. கூட்டில் ஏறினது. என்னைப் பார்த்தது. பார்த்ததும், அதற்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. கழுத்தை நீட்டி, அலகை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

சுற்றி ஒரு சம்பு கிடையாது டீச்சர். மொட்டையாக வெட்டின அடித்தாள்தான் தண்ணீர்மட்டத்துக்கு நிற்கிறது. அதற்கு நடுவில், அது சம்பு மாதிரி நின்றது. கீழே நாலு குஞ்சும், இத்தனூண்டு கழுத்தை, மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

அதுதான் நீங்கள் பெரிதாக மாட்ட வந்த படம். ஏழு நாற்பத்தாறு. வெட்டின தாள் தெரியக் கூடாதென்று கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட்டேன். க்ரூப்பில் போட்டதும் ஜெபசிங் எழுதினார்: "தவம்! இதுவல்லவா படம்!" அந்தப் பெயரிலேயே பரிசும் கொடுத்தார்கள். தவம். அது பயத்தில் செத்துக்கொண்டு நின்றது, இவர்கள் தவம் என்கிறார்கள். நானும் ஆமாம் தவம் என்று கைகூப்பின பொம்மை போட்டேன்.

குஞ்சுகளா? சொல்கிறேன்.

காக்கா இரண்டு வந்தது. நாம் அறுத்துத் திறந்துவிட்டது காக்காவுக்கும் திறந்ததுதானே, அது எனக்கு அப்போது தோன்றவில்லை. முதல் காக்கா கூட்டு ஓரத்தில் உட்கார்ந்தது. தாய் சிறகை விரித்து எதிர்த்தது. நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஓய் என்று ஒரு சத்தம். என் சத்தம் உங்களுக்குத் தெரியாது. பஜாரில் இந்தக் கோடியிலிருந்து கத்தினால் அந்தக் கோடியில் லாரி நிற்கும். கத்தினால் தாயும் பறந்துவிடும், படம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த ஆறு நிமிஷம்தான். விரல் மட்டும் பட்டனில் இருந்தது. நாலு குஞ்சும் போகிறவரைக்கும் விரலை எடுக்கவில்லை.

அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டவில்லை. அழிக்கவும் இல்லை.

அரிவாளைத் தண்ணீரில் அலசிக் கொண்டுபோய் இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆவுடை பால் தூக்கோடு வந்தாள். என் காலைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுவந்து, "தொவட்டிக்கிடுங்க அண்ணாச்சி, நனைஞ்சிருக்கியல்லா" என்று கொடுத்தாள். துவட்டினேன். டீ குடித்தேன்.

பத்து மணிக்கு ஆவுடையிடமிருந்து போன் வந்தது. அழுகிற குரல். "அண்ணாச்சி, எவனோ கூட்டைச் சுத்தி அறுத்துப்போட்டிருக்கான். நீங்க காலையில பாக்கலியா?"

நான் சொன்னேன், "நான் போகும்போதே அறுத்துதான் கெடந்துது."

அந்த ஒரு வரிதான் நான் சொன்ன பொய். வேறெதுவும் சொல்லவில்லை. சம்பு அறுக்கிற தளவாய் பேரை நான் எடுக்கவே இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளணும்.

சாயங்காலம் பார்த்தபோது ஆறு அரிவாளில் ஒன்றின் பிடியில், செம்புக் கம்பி இடுக்கில், குளத்துச் சேறு ஈரமாக இருந்ததாம். அது தளவாயுடையது. தளவாய் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருதடவை துணி கட்டியிருக்கும்போது இரண்டு கட்டு சம்பு அறுத்தவன். போதாதா?

பால் சொசைட்டி வாசலில் கூட்டம் போட்டார்கள். முதலில் பார்த்த ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டார்கள் எனக்கு. தளவாய் நின்றான்.

"எம் மக மேல சத்தியமா நான் தொடல" என்றான்.

"ஏல, அண்ணைக்கும் இப்பிடித்தான சொன்ன?" என்றார் ஒருத்தர்.

"அண்ணைக்கு அறுத்தேன். மறுநாளே ஒத்துக்கிட்டேம்லா? இப்ப அறுக்கல. அறுக்காததை எப்பிடி ஒத்துக்கிட?"

எனக்கு அப்போது யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? தளவாய்மேல். இந்த மடையன் ஏன் அவன் அரிவாளைக் கைக்கு எட்டுகிற கொக்கியில் மாட்டினான்? உள்ளே தள்ளி மாட்டியிருக்கக் கூடாதா? அப்படி ஒரு கோபம். நாற்காலிக் கையில் ஓங்கிக் குத்தினேன். சுற்றி இருந்தவர்கள், அண்ணாச்சிக்குக் குருகு போன வருத்தம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

குளத்துச் சங்கத் தலைவர் முடிவு சொன்னார். இரண்டு வருஷத்துக்குத் தளவாய் சம்பில் கை வைக்கக் கூடாது, அரிவாள் உத்தரத்திலேயே கிடக்கட்டும் என்று. அப்போது ஆவுடை எழுந்தாள். என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அண்ணைக்கு மொதல்ல போனது நீங்கதான். உங்களுக்குச் சொல்லதுக்கு ஏதும் இருக்கா?"

இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. எழுந்து நின்றேன். எழுந்து நின்று என்ன சொன்னேன் தெரியுமா? "இரண்டு வருஷம் ரொம்ப அதிகம் தலைவரே. பிள்ளைகுட்டிக்காரன். ஆறு மாதமாகப் பண்ணுங்க" என்றேன். அவர் ஒன்றரை வருஷம் என்றார். நான் குளத்தில் இத்தனை வருஷம் அவன் வேலை பார்த்ததைச் சொன்னேன், ஆவணிக் கூடு அடுத்த வருஷமும் வரும் என்று சொன்னேன், அங்கே பேசி இங்கே பேசி, ஒரு வருஷத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அடுத்த துணிகட்டு வரைக்கும். நல்ல பேரம். இன்றைக்கும் சொல்கிறேன், வேறு ஒருத்தனாலும் அவரை அவ்வளவு தூரம் இறக்கியிருக்க முடியாது.

ஆவுடை உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் தளவாய் இந்தக் கடைக்கு வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் நின்றான். ஒரு சீப்பு கதலிப்பழம். "அண்ணாச்சி மட்டும் இல்லேன்னா ரெண்டு வருசம் ஆயிருக்கும். செய்யாத குத்தத்துக்கு எனக்குன்னு பேச நீங்க ஒருத்தராவது இருந்திய" என்றான். கண் கலங்கியிருந்தது. பழத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

தின்றேன் டீச்சர். ஒவ்வொன்றாக. வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை, தூரப் போடவும் முடியவில்லை. இங்கேயே உட்கார்ந்து ஒரு சீப்பையும் தின்றேன்.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்க.

புரட்டாசியில் துணி அவிழ்த்தார்கள். ஐந்து பேர் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு அரிவாள் மட்டும் உத்தரத்தில் தொங்கினது. ஐப்பசியில் போனேன், தொங்கினது. மார்கழியில் வாத்து பார்க்கப் போனேன். அந்த வருஷம் இருநூறுக்கு மேல் வந்திருந்தது என்றார்கள், நான் வாத்தைப் பார்க்கவில்லை. டீ குடிக்க உட்கார்ந்தால் தலைக்கு நேரே செம்புக் கம்பி பளபள என்று ஆடிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் போகவில்லை. க்ரூப்பில் கேட்டார்கள், அண்ணாச்சி எங்கே என்று. பறவை எங்கே என்பது போய் அண்ணாச்சி எங்கே ஆகிவிட்டது. முழங்கால் வலி என்று போட்டேன்.

தளவாய் இப்போது வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறான். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

என்ன? அவன் மகள் உங்கள் வகுப்பிலா? ஆறாம் வகுப்பா?

பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

'குருகு' என்றா.

டீயைக் குடிங்க டீச்சர், ஆறுகிறது.

அந்தப் பிள்ளை வராந்தாவில்தானே நடந்து போகும்? நடுவில் பெரிதாக இந்தப் படம் மாட்டியிருக்கும். கீழே தவம் என்று எழுதியிருக்கும், என் பேர் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போகணும், வரணும். அதனால்தான் சொல்கிறேன், இரண்டையும் மாட்டுங்க. கீழே நேரத்தை மட்டும் போடுங்க. ஏழு பத்துக்குச் சம்பு நிற்கிறது. ஏழு நாற்பத்தாறுக்குச் சம்பு இல்லை. நான் போகும்போதே அறுத்துக் கிடந்தது என்று சொன்னவன் எடுத்த படம் இரண்டும். ஊருக்குள் எழுதப் படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் போதும், மீதியை அவனே சொல்லிவிடுவான். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். படம் சொல்லட்டும். வெட்டாத முழுப் படமாகவே தருகிறேன், தாள் தெரியட்டும்.

நானே வந்து சொல்லலாமே என்கிறீங்க.

வெள்ளிக்கிழமை எனக்குச் சிவகாசி லோடு இருக்கிறது டீச்சர். அதை மாற்ற முடியாது. பார்ட்டி காத்திருப்பான். வேண்டுமானால் சனிக்கிழமை வந்து ஆவுடையை மட்டும் தனியாகப் பார்த்து...

என்ன சொன்னீங்க? ஆவுடையா உங்களை அனுப்பினது?

என்ன சொல்லி அனுப்பினாள்? சரியாகச் சொல்லுங்க, அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்க.

"அண்ணாச்சி அண்ணைக்கு மொதல்ல எடுத்த படத்தைக் கேளுங்க." பரிசு வாங்கினதை இல்லை. முதலில் எடுத்ததை. நீங்கள் குருகு படம் என்றதும் நான்தான் பரிசுப் படம் என்று எடுத்துக்கொண்டேன்.

துண்டு கொடுத்தாள் டீச்சர். அன்றைக்கே துண்டு கொடுத்தாள். கரையில் நின்று படம் எடுத்தவனுக்குத் தொடை வரைக்கும் எப்படி நனையும் என்று அவளுக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் நோட்டு எழுதுகிறவள். கூட்டத்தில் எழுந்து நின்று எனக்கு வழி விட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது வழி விட்டது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஒரு டீக்கடைக்காரி, நாற்காலி போட்டு உட்கார வைத்த ஆளை அதற்கு மேல் என்ன கேட்பாள்? ஒரு வருஷம் பொறுத்தாள். பொறுத்துவிட்டு உங்களை அனுப்பியிருக்கிறாள், நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்க்க.

லோடு இல்லை டீச்சர். சிவகாசியில் எனக்கு ஒரு பார்ட்டியும் கிடையாது.

வெள்ளிக்கிழமை என்ன நடக்கும், தெரியுமா? மடைக்கல்லில் துணி கட்டுவார்கள். ஐந்து பேர் அரிவாளைக் கையில் கொண்டுவந்து வரிசையாக மாட்டுவார்கள். தளவாய்க்கு அன்றோடு தண்டனை முடிகிறது. அவனும் வருவான். கையில் ஒன்றும் இருக்காது. அவனுடையதுதான் ஏற்கெனவே மேலே தொங்குகிறதே, எதை மாட்டுவான்? அத்தனை பேருக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பான். யாராவது அதை இறக்கி அவன் கையில் கொடுக்கணும். அவன் அதை வாங்கி, அவனாக மாட்டணும். அப்போதுதான் அது அவன் மாட்டினதாகும்.

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக மனதுக்குள் பேசிப் பார்க்கிறேன். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் பேரத்தில் போய் நிற்கிறது. இவ்வளவு தருகிறேன், இதோடு விடுங்க என்று. ஆகவே பேச்சு வேண்டாம். இந்த இரண்டு படத்தையும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். நீங்கள் ஆணி மட்டும் அடித்து வைங்க. மாட்டிவிட்டு நேரே டீக்கடைக்குப் போகிறேன். போய், அந்த அரிவாளை இறக்கி அவனிடம் கொடுக்கணும்.

ஒருதடவை கேட்காமல் எடுத்தேன். இந்தத் தடவை ஆவுடையைக் கேட்டுத்தான் எடுக்கணும்.

தொடவிடுவாளா டீச்சர்?